பிடித்த பிரேக் விடாவிட்டால்...

காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையில் சரக்கு எடுத்து, காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச் சாலை வழியாக ஸ்ரீரங்கம் வந்து கடை திறக்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கு இரு சக்கர வண்டிதான் லாரி. பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். பிடித்த பிரேக் விடவில்லை என்றால், "வண்டி இழுக்கவில்லை, பெட்ரோல் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். இது பணத்துக்கும் நஷ்டம், உயிருக்கும் ஆபத்து.

நமக்கே இந்த அனுபவம் உண்டு. அரிசி விஷயமாக மண்ணச்சநல்லூருக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். கொள்ளிடப் பாலம் தாண்டி நெ.1 டோல்கேட் வருவதற்குள் முன்சக்கரம் இறுகிவிட்டது. டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தியதும் தானாக விட்டது. ஊர் திரும்பி பிரேக் பேடு மாற்றினோம். மறு வாரமே பழைய கதை! இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக், எந்த இடத்தில் இறுக்கம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தார்; பிறகுதான் பிரித்தார். கணக்கில் வித்தியாசம் வந்தால் எந்தப் பக்கத்தில் தவறு என்று தேடிய பிறகுதானே அடித்துத் திருத்துகிறோம்? அதே முறைதான் இதற்கும்.

முதல் சோதனை: வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். டிஸ்க் பிரேக்கில் லேசாக உரசும் ஓசை வருவது இயல்பே. ஓட்டி வந்தபின் சக்கரத்தின் நடுப்பகுதியருகே கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தால் கோளாறு உண்டு. தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும்.

டிரம் பிரேக்: பின்சக்கரச் செயினை டைட் செய்யும்போது சக்கரம் பின்னால் நகர்கிறது. அப்போது பிரேக் ராடும் இழுபட்டு இறுகும். ஆகவே செயின் டைட் செய்தவுடன் பிரேக்கையும் தளர்த்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். பெடல் சுமார் 2 முதல் 3 செ.மீ. வரை சும்மா இறங்கிய பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். மொபெட்டில் முன்னால் வைக்கும் மூட்டை, கேபிளை அழுத்துகிறதா என்றும் கவனியுங்கள்.

இவை சரியாக இருந்தும் விடவில்லையா? சக்கரத்தின் பக்கத்தில் உள்ள பிரேக் நட்டைக் கழற்றி, அங்குள்ள கையை மட்டும் அசைத்துப் பாருங்கள். அது சட்டென்று திரும்பி வந்தால் கோளாறு கேபிளிலோ பெடலிலோ இருக்கிறது. திரும்பாவிட்டால் உள்ளே கேம் காய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கேமுக்குக் கிரீஸ் மிகக் கொஞ்சமே வைக்க வேண்டும். ஷூவில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

டிஸ்க் பிரேக்: லீவரை விட்டதும் பிரேக் ஆயில் ஒரு சிறு துவாரத்தின் வழியாக மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். துவாரம் அடைத்தால் ஆயில் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஓட ஓடச் சூடேறி ஆயில் விரியும், பிரேக் மேலும் இறுகும், ஆறினால் விடும். நம் வண்டியில் நடந்தது இதுவே.

இறுகியிருக்கும்போதே மெக்கானிக்கைக் கொண்டு மேலிருந்து கீழாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மேலே மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தியதும் சக்கரம் விட்டால், குறை மாஸ்டர் சிலிண்டரில் அல்லது லீவரில். அங்கே விடாமல், கீழே கேலிப்பரில் காற்று எடுக்கும் திருகைத் தளர்த்தியபின் விட்டால், ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அதற்கும் விடாவிட்டால் கேலிப்பரின் பிஸ்டனோ பின்னோ துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. உப்பு மூட்டை ஏற்றுகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்கவும். சோதனைக்குப் பின் ஆயில் நிரப்பிக் காற்று எடுக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும். அதையே ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதி, பிரேக் நிரந்தரமாகச் சிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகி, லீவர் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. விடாத பிரேக், பிடிக்காத பிரேக்காக மாறுவது இப்படித்தான். எனவே 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

வழியில் பிரேக் இறுகினால் ஓரம் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கேபிள் பிரேக் என்றால் நட்டைச் சிறிது தளர்த்தி, பிடிக்கிறதா என்று பார்த்தபின் மெதுவாக வரலாம். டிஸ்க் பிரேக் என்றால் சரக்கை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மெக்கானிக்கை வரவழைப்பதே மேல்.

நம் கடை வண்டியைப் பெரும்பாலும் ஓட்டுவது வேலைக்கு இருக்கும் தம்பிகள்தான். "வண்டி இழுக்கவில்லை அண்ணாச்சி" என்று அவர்கள் சொன்னால் சாக்கு என்று தள்ளிவிடாமல், அன்றே சக்கரத்தைச் சுற்றிப் பார்க்குமாறு உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.