நின்றுபோன கம்ப்யூட்டருக்கு ஒரு ரிலீஃப் எஞ்சின்

மும்பை ஆண்டாப்ஹில் பக்கம் நம்மவர்கள் நடத்தும் ஊர்ச் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். இங்கே யாராவது இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்ப அந்தப் பணம்தான் கைகொடுக்கும். 11 வருஷத்துக் கணக்கும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில். சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, வசூல் நேரம் பார்த்து அது எழுந்திருக்க மறுத்துவிட்டது. கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து, அதோடு சரி.

பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"ஃபார்மட் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றேன். 600 ரூபாய்."

"கணக்கு?" என்றார் பொருளாளர்.

"அது போயிடும், அண்ணாச்சி."

பொருளாளர் என்னைத் தேடி வந்துவிட்டார். நான் படித்தது மெட்ரிக். பார்ப்பது ரயில்வே குமாஸ்தா வேலை. ஆனால் ஒன்று தெரியும். நடுவழியில் எஞ்சின் நின்றால் அதையே தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். வேறு எஞ்சின் கொண்டுவந்து வண்டியை இழுப்பார்கள். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு எஞ்சின் உண்டு. அதற்குப் பெயர் பூட் டிஸ்க். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல், வெளியிலிருந்து வைக்கும் தட்டிலிருந்தே இயந்திரத்தைக் கிளப்பலாம்.

'சிஸ்டம் ரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருளை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே பெரிய கோப்பாக வந்தது. 700 எம்.பி. சிடியில் அடங்காது, டிவிடி வாங்கினேன். சினிமாப் பாட்டைப் போல அந்தக் கோப்பை அப்படியே தட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு தட்டு வீண். பொருளாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விஷயம் இதுதான். 1995இல் வந்த 'எல் டொரிட்டோ' என்ற முறைப்படி, தட்டின் 17ஆம் செக்டரில் 'இங்கே கிளம்பும் நிரல் இருக்கிறது' என்ற குறிப்பைக் கம்ப்யூட்டர் தேடும். கோப்பாக ஏற்றினால் அந்தக் குறிப்பு கோப்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். விண்டோஸில் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதைத் தேர்ந்தால்தான் அது உரிய இடத்தில் பதியும். பென் டிரைவ் என்றால் 'ரூஃபஸ்' என்ற நிரல் போதும். ஆனால் பென் டிரைவில் முன்பு இருந்தவை அத்தனையும் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

இரண்டாம் தட்டோடு போய், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எஃப்12 பொத்தானை அழுத்தி (சிலவற்றில் எஃப்11, எஸ்கேப்) டிவிடியைக் காட்டினேன். கிளம்பிவிட்டது! 'ஸ்மார்ட்' சோதனையில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை தெரிந்தது. அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இங்கே மூன்று இலக்கம். இந்த நிலையில் விண்டோஸின் 'செக் டிஸ்க்'கை ஓட விடக்கூடாது. அது சாகக் கிடக்கும் தட்டின் மேலேயே எழுதும். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். 'டக், டக்' என்று சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தகவல் மீட்கும் நிபுணரிடம் போவதே வழி.

அதைவிடக் குறையாத அளவில் புது டிஸ்க் ஒன்றை இணைத்து, 'டிடிரெஸ்க்யூ' நிரலை ஓட்டினேன். அது நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். இதில் பழைய டிஸ்கின் பெயரை முதலிலும் புதியதை இரண்டாவதாகவும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் கணக்கின் மேல் ஏறிவிடும். அளவைப் பார்த்து மூன்று முறை சரிபார்த்த பிறகே என்டர் தட்டினேன். கை நடுங்கியது நிஜம்.

இரவெல்லாம் ஓடியது. ஆண்டு விழாப் படங்கள் சில திறக்கவில்லை. கணக்குக் கோப்பு முழுசாகத் திறந்தது. பொருளாளர் டீ கூடக் குடிக்காமல், 11 வருஷத்தையும் அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.