பிலிப்பைன்ஸில் தொடங்கிய சொட்டு மருந்து

பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வழங்க 1979-இல் ரோட்டரி சங்கம் முன்வந்தது. அது கைகூடவே, 1985-இல் 'போலியோ பிளஸ்' என்ற உலகளாவிய திட்டம் பிறந்தது. 12 கோடி டாலர் இலக்கு வைத்தார்கள். 1988-க்குள் இரு மடங்குக்கு மேல் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உடன் சேர, ஒழிப்பு முயற்சி உலகம் தழுவியது.

பணம் சேர்ப்பது எளிய பாதிதான். குளிர்ப்பெட்டியுடன் வீடு வீடாக ஏறி இறங்கி, தயங்கும் பெற்றோரிடம் பேசுவதற்கு அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களே தேவைப்பட்டனர். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. அந்த உழைப்பின் பலனாக 2014-இல் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வீடு வீடாக ஏறி இறங்கும் அந்த வேலை இன்னும் ஓயவில்லை.