கிழமை தெரிந்து கிளம்புங்கள்

உள்ளூர்க்காரர் சொன்ன வழி – 11

திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருகிறவர்கள் போனில் மேப்பைத் திறப்பதற்கு முன் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட வேண்டும். எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், என்ன வாங்கலாம் என்று இங்கே யாரைக் கேட்டாலும், "என்னைக்கு வர்றீங்க?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார்கள். அமாவாசைக்கு ஒரு பதில், செவ்வாய்க்கு ஒரு பதில், ஆடி ஞாயிறுக்கு வேறு பதில். தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கிழமையோடு மணியும் சேர்ந்துகொள்ளும்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேர் ரயில் கிடையாது. சென்னையிலிருந்து போகும் புறநகர் ரயில் பாதை பேசின்பிரிட்ஜ் தாண்டியதும் பிரிந்துவிடுகிறது. ஒன்று மேற்கே ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று போகும். மற்றொன்று வடக்கே எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று போகும். இரண்டு ஊரையும் ஒரே நாளில் ரயிலில் பார்க்க நினைத்தால் சென்னைக்குத் திரும்பி வந்துதான் மாற வேண்டும். பஸ்ஸில் என்றால் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகக் குறுக்கே போகலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் அந்தச் சாலையைத்தான் சொல்வேன். மாவட்டத்தின் வயலையும் ஏரியையும் அதில்தான் பார்க்க முடியும்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணமே விருந்தோம்பல் கதைதான். சாலிஹோத்திர முனிவர் ஓராண்டு உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று அரிசியை மாவாக்கி, பாதியை விருந்தாளிக்கு வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஒரு முதியவர் வருகிறார். தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்கிறார். முனிவர் தனக்கென வைத்திருந்ததையும் கொடுத்துவிடுகிறார். சாப்பிட்ட களைப்பில் முதியவர் படுக்க இடம் கேட்கிறார். தன் குடிசையையே காட்டுகிறார் முனிவர். அங்கே படுத்தவர்தான் இன்று கருவறையில் சயனித்திருக்கிறார், முனிவரின் தலைமேல் வலக்கையை வைத்தபடி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தக் கோயிலை அகோபில மடம் நிர்வகிக்கிறது.

அந்த விருந்தாளி வந்த நாள் என்பதால் அமாவாசைதோறும் ஊர் நிரம்பிவிடும். தை அமாவாசைக்குக் கேட்கவே வேண்டாம். முந்தின நாள் மாலையிலிருந்தே குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். மண்டபம், கடை வாசல், குளத்தைச் சுற்றியுள்ள தெரு எங்கும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். விடிந்ததும் ஹிருத்தாபநாசினிக் குளக்கரையில் தர்ப்பணம். தோல் நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் வெல்லக்கட்டியைக் குளத்து நீரில் கரைப்பார்கள். உப்பும் மிளகும் காணிக்கை. கைகால் வலிக்காரர்கள் தகட்டில் வெட்டிய கை, கால் உருவங்களை வாங்கிச் செலுத்துவார்கள். இதெல்லாம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும்.

உள்ளூர்க்காரர் சொல்லும் யோசனை இதுதான்: தர்ப்பணம் செய்ய வேண்டியவர்கள் அமாவாசைக்கு வாருங்கள், அறை கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், முதல் லோக்கலைப் பிடித்து வந்து வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். பெருமாளை நிதானமாகச் சேவிக்க விரும்புகிறவர்கள் சாதாரண வாரநாள் ஒன்றில் வாருங்கள். அன்று தேரடிப் பக்கத்துச் சின்ன ஓட்டல்களில் இட்லிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்திலிருந்து கோயில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஷேர் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

பூண்டிக்குப் போகாமல் திரும்ப வேண்டாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அது. சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்று மேயராக இருந்தபோது பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அணை நிறைந்திருக்கும் மாதங்களில் ஏரி மீனை மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். கெண்டையைவிட விரால் நல்லது, கிடைத்தால் விடாதீர்கள். சாப்பிட்ட கையோடு அங்கேயே உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குப் போங்கள். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவிகள் இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தலையெடுக்கத் துணைநின்றவை. அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று 2011-ல் கணித்திருக்கிறார்கள். இந்த ஆற்றங்கரையில் மனிதர்கள் தங்கிச் சாப்பிட்டது அவ்வளவு பழைய சங்கதி. நம் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போகிறோம், இங்கே ஏன் அழைத்து வருவதில்லை என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கேட்காது.

பெரியபாளையம் பவானி அம்மனுக்கு ஆடி ஞாயிறு. சனிக்கிழமை இரவே வந்து, குடிசையோ அறையோ வாடகைக்கு எடுத்துத் தங்கி, வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி, பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவது வடசென்னைக் குடும்பங்களின் வழக்கம். ஓட்டலைத் தேடாதீர்கள். அங்கே அடுப்பு மூட்டிச் சமைப்பதுதான் சாப்பாடு. சிறுவாபுரி முருகனுக்குச் செவ்வாய். ஆறு செவ்வாய் தொடர்ந்து வந்தால் சொந்த வீடு அமையும் என்ற நம்பிக்கையில் வரும் கூட்டத்தால் அன்று அந்தக் கிராமத்துச் சாலையில் வண்டி நகராது. வேறு வேலையாகப் போகிறவர்கள் புதனுக்குத் தள்ளிவையுங்கள். திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகையும் டிசம்பர் 31 படித் திருவிழாவும். அந்தப் பக்கம் போனால் லுங்கியும் பருத்திச் சேலையும் வாங்க பொதட்டூர்பேட்டையும் அம்மையார்குப்பமும் இருக்கின்றன. தறிச்சத்தம் கேட்கும் தெருக்கள். இப்போது பெரும்பாலும் விசைத்தறி. கைத்தறி வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள்.

பழவேற்காட்டுக்குப் போக விடியற்காலையே நேரம். பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். சிலிக்காவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உப்பங்கழி ஏரி இது. இங்கே மீன் பிடிப்பதற்கும் கிழமை உண்டு. 'பாடு' என்பார்கள். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களைக் குப்பத்துக்காரர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்த நாள் யார் வலை எந்த இடத்தில் என்பது ஊர்க் கூட்டத்தில் சீட்டுப் போட்டு முடிவாகும். தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு. இன்று நீங்கள் வாங்கும் இறால் அப்படி ஒருவரின் முறையில் வந்தது என்று தெரிந்தால், பேரம் பேசும்போது வாய் கொஞ்சம் அடங்கும்.

நண்டு வாங்கத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை நண்டின் கொடுக்குகளைக் கயிற்றால் இறுகக் கட்டி, ஈரச் சாக்கில் போட்டு வைத்திருப்பார்கள். விற்கும் அம்மா ஒன்றை எடுத்து மல்லாத்திக் காட்டுவார். அடிவயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். பிறகு வயிற்றுப் பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல்லாக இருந்தால் உள்ளே சதை. அமுங்கினால் அது சட்டை உரித்து நாளாகாத நண்டு, கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் மிஞ்சும். பெரிய நண்டுகள் உயிரோடு வெளிநாட்டுக்குப் போகின்றன. நமக்குக் கிடைப்பது நடுத்தரம், அதுவே குழம்புக்கு ருசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சென்னை வியாபாரிகளும் இங்கே வந்து நிற்பதால் விலை ஏறியிருக்கும்.

பனையோலைக் கூடைகள் இங்கே பெண்கள் கையால் முடைவது. மூடிபோட்ட சின்னப் பெட்டி ஒன்றாவது வாங்குங்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். பூநாரை பார்க்க மழைக்காலம் முடிந்து வாருங்கள். படகில் மட்டும் ஏறாதீர்கள், எவ்வளவு வற்புறுத்திக் கூப்பிட்டாலும். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்தே ஏரியைப் பார்க்கலாம்.

இனி கும்மிடிப்பூண்டி. சுற்றுலாக் கையேடுகள் இந்த ஊரைச் சேர்ப்பதே இல்லை. இரும்பாலை, ரோலிங் மில், சிப்காட் புகை, ஜி.என்.டி. ரோட்டில் வரிசையாக டிரெய்லர் லாரிகள், எளாவூர் சோதனைச்சாவடி, அந்தப் பக்கம் ஆந்திரா. ஆனால் தினமும் வெளியூர்க்காரர்களுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் தரும் வேலையை மாவட்டத்தில் வேறெந்த ஊரையும்விட இந்த ஊர்தான் அதிகம் செய்கிறது. மெஷின் பொருத்த வரும் இன்ஜினியர், ஆடிட்டர், லாரி டிரைவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளி என்று எல்லோருக்கும்.

இங்கே சாப்பாட்டுக்கு மணிதான் முக்கியம். சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் நண்பர் சொன்னார்: "சார், ஒரு மணிக்குப் பசிக்குதுன்னு மெஸ்ஸுக்குள்ள போயிடாதீங்க. ரெண்டேகாலுக்கு வாங்க." ஏ ஷிப்ட் இரண்டு மணிக்கு விடுகிறது. அந்தக் கூட்டத்துக்காக ஒன்றரைக்கு மேல் இரண்டாவது உலை ஏற்றுவார்கள். இரண்டேகாலுக்கு உட்கார்ந்தால் ஆவி பறக்கும் சோறு, அப்போதுதான் தாளித்த பருப்பு, காரம் தூக்கலான மீன் குழம்பு. எல்லைப் பக்கம் என்பதால் கோங்குரா ஊறுகாயும் பருப்புப் பொடியும் கேட்காமலே இலைக்கு வரும். காலை ஆறுக்கு சி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களோடு உட்கார்ந்தால் இட்லி சூடு. இரவு பத்தேகாலுக்கு பரோட்டாக் கல் அனல் பறக்கும். இந்த மூன்று நேரத்தையும் பிடித்துக்கொண்டால் பெயர்ப்பலகையே இல்லாத கடையிலும் நன்றாகச் சாப்பிடலாம்.

கடைத்தெருவை ஞாயிறு மாலையில் பாருங்கள். வார லீவில் வந்த இளைஞர்கள் கும்பல் கும்பலாக நிற்பார்கள். அண்ணாச்சி மளிகைக் கடையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே கடுகு எண்ணெய் பாட்டில். பொரி மூட்டை. கொண்டைக்கடலையை வறுத்து அரைத்த சத்து மாவு. திருநெல்வேலித் தமிழ் மாறாமல் அவர் இந்தி பேசுவார். "பையா, கித்னா சாஹியே? அரை கிலோவா?" அந்தச் சத்து மாவை வாங்கி உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை சேர்த்துக் கரைத்துக் குடித்துப் பாருங்கள். உலைப் பக்கம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது ஏன் தேவை என்று தெரியும்.

இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக. 2021-லிருந்து மறுவாழ்வு முகாம் என்று அரசு சொல்கிறது. யாராவது தெரிந்தவர் வீட்டுக்கு அழைத்தால் போய் இடியாப்பமும் சொதியும் சாப்பிடுங்கள். வேடிக்கை பார்க்க மட்டும் போக வேண்டாம். அது அவர்கள் வாழ்கிற இடம்.

தங்குவதற்குச் சனி இரவு பாருங்கள். வாரநாட்களில் லாட்ஜ் அறைகளைக் கம்பெனி வேலையாக வந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். வார இறுதியில் அவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் அறை கிடைக்கும், வாடகையும் பேசலாம். ரோட்டோரம் வேண்டாம், விடிய விடிய லாரி ஹாரன். உள்பக்க அறை கேளுங்கள்.

தொழிலாளி தங்கும் இடத்தையும் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. லைன் வீடுகள். பத்துக்குப் பத்து அறை, ஆள் கணக்கில் வாடகை, வரிசை அறைகளுக்கெல்லாம் சேர்த்து இரண்டு கழிப்பறை. பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரன் படுக்கிறான். 2020 மே மாதம் இந்த ஜி.என்.டி. ரோட்டில்தான் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் செல்போன் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. செல்போன் தொழிற்சாலைக்கு முடிந்தது இரும்பு உருக்கும் ஊருக்கும் முடிய வேண்டும். நாம் கட்டும் வீட்டுக்குக் கம்பி இங்கிருந்தும் வருகிறது. அதை உருட்டியவன் காலை நீட்டிப் படுக்க ஓர் அறை கேட்பது பெரிய ஆசை இல்லை.

வரக் கூடாத நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளி முடிந்து வரும் சட் பூஜை வாரத்திலும் ஹோலியை ஒட்டியும் வடக்கே போகிறவர்கள் போய்விடுவார்கள். தாபாக்களில் ரொட்டி தட்டுகிறவரும் அவர்களோடு ரயில் ஏறியிருப்பார். பொங்கல் மூன்று நாளும் நம் மெஸ்காரர்கள் கடை மூடிவிடுவார்கள். அந்த மூன்று நாளும் கும்மிடிப்பூண்டியில் சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால் ரோட்டோரத் தாபாதான், பருப்பு தட்கா கேளுங்கள்.

(தொடரும்)