கோல்டன் கேட் பாலத்தின் இரு வலைகள்

சான்பிரான்சிஸ்கோ நகரையொட்டி, பசிபிக் பெருங்கடல் விரிகுடாவுக்குள் புகும் நீரிணைக்குக் ‘கோல்டன் கேட்’ என்று பெயர். அதன் குறுக்கேயுள்ள தொங்கு பாலத்தின் படத்தை நீங்கள் ஏதேனும் ஒரு நாட்காட்டியிலாவது பார்த்திருப்பீர்கள். பெயரில் பொன் இருப்பினும் பாலத்தின் நிறம் செம்மஞ்சள். எஃகின்மீது துருவைத் தடுக்கப் பூசியிருந்த செந்நிற அடிப்பூச்சைக் கண்ட கட்டடக் கலைஞர் இர்விங் மாரோ, மூடுபனிக்கும் குன்றுகளுக்கும் அத்தகைய நிறமே இசையும் என்று வாதிட்டார். கடற்படையினரோ கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை தீட்டச் சொன்னார்களாம். நல்ல வேளை!

இரு கோபுரங்களும் 227 மீட்டர் உயரமானவை. அவற்றினிடையே 1,280 மீட்டர் நீளமுள்ள தளத்தை இரு பெருவடங்கள் தாங்குகின்றன. ஒவ்வொரு வடத்திலும் 27,572 கம்பிகள்.

பாலம் கட்டப்பட்டபோது தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் தளத்தின் அடியில் வலை ஒன்றைக் கட்டச் செய்தார். தவறி விழுந்த 19 தொழிலாளர்கள் அதனால் பிழைத்தனர். 1937 பிப்ரவரியில் சாரம் ஒன்று சரிந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழ, 10 பேர் மாண்டனர். அவ்வாண்டு மே மாதம் பாலம் திறக்கப்பட்டது. வேலை முடிந்தபின் வலை எதற்கு?

ஆனால் தேவை தீரவில்லை. மனமுடைந்த பலர் இப்பாலத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். தடுப்பு அமைக்கக் கோரியபோதெல்லாம் இரு மறுப்புகள் எழுந்தன: பாலத்தின் அழகு கெடும், இங்கே தடுத்தால் அவர்கள் வேறிடம் போவார்கள்.

இரண்டாவது மறுப்பு சரிதானா? 1978-இல் ரிச்சர்ட் சைடன் என்னும் ஆய்வாளர் இதற்கு விடை தந்தார். 1937 முதல் 1971 வரை இப்பாலத்தில் தடுத்துக் காப்பாற்றப்பட்ட 515 பேர் பின்னர் என்ன ஆனார்கள் என்று அவர் தேடிப் பார்த்தார். ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர், அல்லது இயற்கையாக இறந்திருந்தனர்.

இது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். உயிரை விடும் எண்ணம் எப்போதும் ஒரே வேகத்தில் நிற்பதன்று. அலைபோல் ஏறி, பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிகிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட ஒரு தடை போதும். சில வேளை ஒருவரின் பேச்சே போதும். நண்பர் ஒருவரைப் பற்றி ஐயம் எழுந்தால் அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

முதல் மறுப்புக்கும் வழி பிறந்தது. காட்சியை மறைக்கும் உயர்ந்த வேலிக்குப் பதிலாக, தளத்துக்குக் கீழே வலை அமைக்க 2008-இல் முடிவாயிற்று. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலை அது. 2024 ஜனவரியில் பணி நிறைவுற்றது. அதன்பின் இறப்புகள் பெரிதும் குறைந்தன. நடைபாதையில் நிற்பவருக்கு விரிகுடா முன்போலவே தெரிகிறது.