புது பேட்டரி பத்து நிமிடத்தில் படுத்துவிட்டதா?

குழந்தையின் பொம்மை காருக்கு ஆசையாக வாங்கிய ரீசார்ஜபிள் பேட்டரி உடனே தீர்ந்துபோகிறதா? தூக்கிப் போடாதீர்கள். கடையில் பல வருடம் கிடந்த பழைய சரக்காக இருக்கலாம். கவரில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை என்றால் மீட்க வழி உண்டு. 2,000 எம்.ஏ.ஹெச். பேட்டரியை 200 மில்லி ஆம்பியரில் 14 முதல் 16 மணி நேரம் நிதானமாக சார்ஜ் ஏற்றுங்கள். பிறகு 1 வோல்ட் வரை இறக்குங்கள். ‘ரெஃப்ரெஷ்’ வசதியுள்ள சார்ஜர் இதைத் தானே செய்து, பேட்டரியின் கொள்ளளவையும் காட்டிவிடும். மூன்று, நான்கு முறை செய்தால் இழந்த சக்தி பெரும்பாலும் திரும்பும்.

அப்போதும் 1,000-ஐத் தாண்டவில்லையா? பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வெள்ளையாகப் பூத்து, கசிந்திருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். லித்தியம் பேட்டரிக்கும் இந்த வைத்தியம் ஆகாது, தீப்பிடிக்கலாம்!