செத்த நண்பனை எழுப்ப 300 தங்க நாணயம்... வைரம் வாங்கி வெச்சீங்களா பாஸ்?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவங்களுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். வீட்டின் கீழறையில் மேஜையைச் சுற்றி நாலு பசங்க உட்கார்ந்து பகடை உருட்டுவாங்க. அவங்க விளையாடுறது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி, 1974-ல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு. ஒருவர் டன்ஜன் மாஸ்டராகக் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரர், மந்திரவாதி, கிளெரிக் எனப்படும் பூசாரி என ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுப்பார்கள்.

இதில் மந்திரம் போட வாயும் கையும் மட்டும் போதாது. பல மந்திரங்களுக்குப் பொருளும் வேண்டும். நெருப்புக் குண்டு வீச வௌவால் எச்சமும் கந்தகமும். மின்னலுக்கு விலங்கு ரோமமும் கண்ணாடிக் குச்சியும். (ரெண்டையும் தேய்ச்சா என்ன ஆகும்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. விளையாட்டை எழுதினவங்களோட குறும்பு அது!)

எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கணுமா?

இல்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, 25 தங்க நாணயத்துக்கு ஒரு பை வாங்கினால் இந்தச் சில்லறைப் பொருட்கள் எல்லாம் அதில் இருப்பதாகக் கணக்கு. ஆனால், எந்தப் பொருளுக்கு விதிப்புத்தகம் விலை குறித்திருக்கிறதோ, அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு பொருளின் மாய குணத்தைக் கண்டறிய 100 நாணய முத்து வேண்டும். ஒருமுறை வாங்கினால் போதும், தீராது. ஆனால், செத்தவரை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் 'ரெவிவிஃபை' மந்திரத்துக்கு 300 நாணய வைரம் வேண்டும். மந்திரம் போட்டதும் வைரம் காலி.

வீட்டில் நண்பர்களோடு ஆடும்போது, "சரி விடு, வைரம் இருந்துச்சுன்னு வெச்சுக்கலாம்" என்று டன்ஜன் மாஸ்டர் விட்டுவிடலாம். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் 'அட்வென்ச்சரர்ஸ் லீக்' போன்ற பொது ஆட்டத்தில் அது நடக்காது. அங்கே உங்கள் கதாபாத்திரம் இன்று ஒரு கடை மேஜையில் ஆடும். அடுத்த மாதம் வேறு ஊர், வேறு டன்ஜன் மாஸ்டர். அவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதற்கு நீங்கள் எழுதிவரும் கணக்குத்தாள்தான் சாட்சி.

அதனால்தான் சிக்கல். ஐந்தாம் நிலையில் கிளெரிக்குக்கு ரெவிவிஃபை கிடைத்துவிடும். கையில் 2,000 நாணயம் இருக்கலாம். ஆனால் குகைக்குள் கடை ஏது? வைரம் வாங்கியதாகத் தாளில் இல்லையென்றால், பக்கத்தில் விழுந்து கிடப்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அடுத்த வழி, உடலைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கோயிலுக்குப் போவது. அங்கே உயிர்ப்பிக்க 2014 பதிப்புக் காலத்தில் லீக் வைத்திருந்த கட்டணம் 1,250 நாணயம். 300 எங்கே, 1,250 எங்கே!

யார் பாக்கெட்டிலிருந்து?

லீக்கில் ஒரு கதாபாத்திரம் தன் தங்கத்தை இன்னொன்றுக்குச் சும்மா கொடுக்க முடியாது. கோயில் கட்டணத்தைச் சேர்ந்து கட்டலாம், அவ்வளவுதான். ஆகவே முன்கூட்டியே வைரம் வாங்கி வைப்பது பெரும்பாலும் கிளெரிக்கின் சொந்தக் காசு. வாள் வீரருக்கு இந்தச் செலவே இல்லை. என்னைக் கேட்டால், அடுத்தவர் உயிருக்கு ஒருத்தர் மட்டும் பிரீமியம் கட்டும் இன்ஷூரன்ஸ் இது.

2018-ல் எட்டாவது சீசனில் இது இன்னும் இறுகியது. சாகசத்தில் கண்டெடுக்கும் தங்கம் உங்களுக்கில்லை, நிலை உயரும்போது குறிப்பிட்ட தொகை மட்டும் என்று விதி வந்தது. மந்திரப் பொருள் வாங்குபவர்கள், மந்திரங்களைக் காசு கொடுத்துப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் மந்திரவாதிகள் ஆகியோருக்குத்தான் அடி பலம். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பிறகு அந்த முறை கைவிடப்பட்டது.

இன்னொரு ஜாலியான சந்தேகமும் உண்டு. 300 நாணய வைரத்தைப் பேரம் பேசி 150-க்கு வாங்கினால் நண்பன் எழுந்திருப்பானா? வீட்டு மேஜைகளில் இதை வைத்தே ஒரு மணி நேரம் சண்டை போடலாம். லீக்கில் பேரமே கிடையாது. புத்தகத்தில் என்ன விலையோ, அதே விலைதான்.