மொபெட்டில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா?

பால் கேன், புல் கட்டு, உர மூட்டை என்று பத்துப் பதினைந்து வருடம் சுமந்த மொபெட், இரவில் பெரும்பாலும் திண்ணையிலோ வீட்டுக்குள்ளோதான் நிற்கிறது. காலையில் எழுந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். அடுத்த அறையில் அடுப்பு மூட்டினாலும் தீ அந்த ஆவியைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை ஓடி வரும். வாடை அடித்தால் மின் சுவிட்சைத் தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பெட்ரோல் உடனே உலர்ந்துவிடும். ஆனால் ஆயில் கலந்து ஊற்றும் பழைய வண்டிகளில் ஆயில் மட்டும் தங்கி, புழுதியைப் பிடித்துக் கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கோட்டின் மேல் முனையில்தான் ஓட்டை. இரவில் பெட்ரோல் காக்கை மூடிவிட்டுப் பாருங்கள். வாடை நின்றுவிட்டால் கோளாறு காக்குக்குக் கீழே, அதாவது ரப்பர் டியூபிலோ கார்புரேட்டரிலோ இருக்கிறது. கார்புரேட்டரில் மிதவையின் ஊசியில் தூசி அடைத்தால் பெட்ரோல் நிரம்பி வழியும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும். வாடை நிற்காவிட்டால் காக்கையும் அதன் வாஷரையும், டேங்கின் அடித் தையலையும் பார்க்க வேண்டும்.

ரப்பர் டியூபை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல, உப்பும், வெடிக்கும். கடையில் பெட்ரோலுக்கான டியூப் என்றே கேட்டு வாங்கி, இரு முனையிலும் கிளிப் போட வேண்டும். மூடியில் உள்ள சிறு காற்றுத் துளையைக் கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் பெட்ரோல் இறங்காமல் வண்டி வழியில் நிற்கும்.

டேங்கில் ஊசித் துளை என்றால், உலர்ந்த பார் சோப்பை அழுத்தித் தேய்த்து பட்டறை வரை சமாளிக்கலாம். சோப்பு பெட்ரோலில் கரையாது. டேங்கைக் காலி செய்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, நன்கு உலர்ந்த பிறகு எம்-சீல் பூசினால் சில மாதம் தாங்கும். பெட்ரோலை வாயால் உறிஞ்சி இறக்க வேண்டாம். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெரிய ஓட்டைக்கு வெல்டிங் அல்லது பித்தளைப் பற்றுதான் வழி. உயிருக்கு ஆபத்தான இடமும் அதுதான். காலி டேங்க் என்றால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்கே மோசம். காற்றில் ஆவி சுமார் ஒன்றரை முதல் ஏழு சதவீதம் வரை கலந்திருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். காலி டேங்கில் இந்தக் கலவை எளிதில் அமைந்துவிடுகிறது. அதனால் டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, சோப்புத்தூள் கலந்த வெந்நீரால் மூன்று நான்கு முறை குலுக்கிக் கழுவ வேண்டும். பிறகு ஓட்டை மேலே இருக்கும்படி வைத்து, அதற்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்த பிறகே பற்ற வைக்க வேண்டும். "ஒன்றும் ஆகாது" என்று அப்படியே நெருப்பைப் பிடிக்கும் பட்டறையிலிருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பற்ற வைத்த டேங்கை வெயிலில் ஒரு நாள் கவிழ்த்து உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் உள்ளே மறுபடி துருப்பிடிக்கும். மாட்டியபின் ஒரு லிட்டர் ஊற்றி, வீட்டுக்கு வெளியே ஓர் இரவு நிறுத்தி, அடியில் அட்டையை விரித்து வையுங்கள். விடிந்ததும் அட்டையில் எண்ணெய்க் கறை இல்லாவிட்டால் வண்டியைத் திண்ணையில் ஏற்றலாம்.